கட்டையன் தேடிப்போன மண்

மேற்கு மலையில் இருந்த ஒரு காட்டில், இடுப்பளவு புல் வளர்ந்த சரிவு ஒன்று இருந்தது. சரிவின் நடுவே ஒரு பெரிய பாறையின் அடியிலிருந்து ஊற்று கசிந்தது. அது ஓடையாகி, கீழே ஓர் ஆழமான மடுவில் போய் விழுந்தது. மடுவிலிருந்து வழிந்த தண்ணீர் இன்னும் கீழே போய், எங்கோ ஒரு பெரிய ஆற்றில் சேர்ந்தது. அது எந்த ஆறு என்று சரிவில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் ஆசைப்பட்டதும் இல்லை.

அந்தச் சரிவில் கட்டையன் என்ற காட்டுப்பன்றி தன் மனைவி வேம்பியோடு குடியிருந்தான். அவன் பெரிய உழைப்பாளி. காலையில் கண் விழித்ததும் அவன் மூக்கு மண்ணுக்குள் போய்விடும். வயிறு நிறைந்த பிறகுதான் வெளியே வரும். அவனிடம் ஒரே ஒரு குறை உண்டு. ஒரு வேலையில் இறங்கிவிட்டால் யார் என்ன சொன்னாலும் அவன் காதில் விழாது.

மடுவின் கரையில் சேலாயி என்ற நீர்நாய் இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். நாள் முழுக்க நீந்துவாள், மீன் பிடிப்பாள், பாறைமேல் படுத்து வயிற்றை வெயிலில் காட்டுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

கட்டையன் தினமும் பிற்பகலில் தண்ணீர் குடிக்க மடுவுக்கு வருவான். வரும்போது சேலாயிக்கு ஒரு கிழங்கு கொண்டுவருவான்.

"அண்ணா, நீர்நாய் கிழங்கு தின்னாது என்று எத்தனை தடவை சொல்வது?" என்று சேலாயி சிரிப்பாள்.

"வெறுங்கையோடு வர எனக்கு மனம் வரவில்லையே!" என்பான் கட்டையன்.

குட்டிகள் அந்தக் கிழங்கைத் தண்ணீரில் உருட்டி விளையாடும். அதைப் பார்த்துக்கொண்டே கட்டையன் சேற்றில் புரள்வான். இப்படித்தான் குழந்தைகளே, மேலே இருந்தவனும் கீழே இருந்தவளும் அண்ணன் தங்கையாக வாழ்ந்தார்கள்.

வேம்பி குட்டி போடும் காலம் நெருங்கியது. அவள் புல்லைக் கடித்து வந்து மெத்தை மெத்தையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டையன் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேம்பி, நம் குட்டிகள் ஒரு நாள்கூடப் பசியோடு தூங்கக் கூடாது. இந்தச் சரிவு முழுக்கப் புல்லாகக் கிடந்து வீணாகிறது. எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டு, மேலிருந்து கீழ்வரை காட்டுவள்ளிக் கிழங்கு நடப்போகிறேன்."

"எதற்கு அவ்வளவு? நம் இருப்பிடத்தைச் சுற்றி விளைவதே நமக்குப் போதுமே" என்றாள் வேம்பி.

"போதும் என்று சொன்னால் குட்டிகள் கேட்குமா?"

"புல்லும் ஏதோ ஒன்றுக்குத்தானே அங்கே நிற்கிறது?"

"என்னத்துக்கு? நானும் தின்பதில்லை, நீயும் தின்பதில்லை. சும்மா நிற்கிறது!"

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டான். மூக்கால் கிளறினான், கொம்புப்பல்லால் நெம்பினான். புல்லும் புதரும் வேரோடு பெயர்ந்து விழுந்தன. உள்ளே இருந்த பூச்சிகளைத் தின்னக் கொக்குகள் கூட்டமாக வந்தன. அதைப் பார்த்த கட்டையனுக்கு இன்னும் உற்சாகம் பிறந்தது.

சரிவின் நடுப்பகுதியில் ஒரு பெரிய வெட்டிவேர்ப் புல் புதர் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு முயல் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. அதன் பெயர் மிரளி. பெயருக்கு ஏற்ற மாதிரி, இலை விழுந்தாலும் பயந்துவிடும்.

"பன்றியண்ணா, இதுதான் என் வீடு. இதையும் பிடுங்கிவிட்டால் நான் எங்கே ஒளிவேன்?"

"வேறு புதரைப் பார்த்துக்கொள்."

"வேறு புதர் எங்கே இருக்கிறது? நீதான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாயே!"

சொல்லும்போதே மிரளியின் கண்களில் நீர் முட்டியது. கட்டையனுக்கு யார் அழுதாலும் தாங்காது. "சரி சரி, அழாதே. இதை மட்டும் விட்டுவிடுகிறேன். ஆனால் என் கிழங்கைத் தொடக் கூடாது!" என்று உறுமிவிட்டு, புதரைச் சுற்றிக்கொண்டு போனான்.

பிறகு நடவு வேலை. சரிவின் உச்சியிலிருந்து அடிவரை நேராக, நீளமாக வாய்க்கால்போலக் குழி பறித்துக்கொண்டே இறங்கினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாகத் தெரிந்தது. கட்டையன் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அந்த வருடம் மழை பூப்போலப் பெய்தது. கொடிகள் தழைத்தன. கிழங்குகள் ஒவ்வொன்றும் கட்டையனின் தலை அளவு பருத்தன. வேம்பி அழகழகாகக் கோடு போட்ட குட்டிகளை ஈன்றாள். அவை தின்று தின்று உருண்டன. கட்டையன் காட்டில் கண்டவர்களிடமெல்லாம் தன் விளைச்சலைப் பற்றியே பேசினான்.

சேலாயி மட்டும் ஒரு நாள் சொன்னாள். "அண்ணா, தண்ணீர் கொஞ்சம் சிவந்து வருகிறதே, கவனித்தாயா?"

"அது நல்ல மண்ணின் சத்து, சேலாயி. குடித்தால் உடம்புக்கு நல்லது!"

"எனக்கு நல்லதாக இருக்கலாம். மீன் முட்டைக்கு நல்லதில்லை."

கட்டையன் அதற்குள் சேற்றில் புரளத் தொடங்கியிருந்தான். அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை.

அடுத்த மழைக்காலம் பூப்போல வரவில்லை. காலையிலேயே வானம் கறுத்தது. உச்சியில் இடி இறங்கியது. பிறகு கொட்டத் தொடங்கிய மழை விடவே இல்லை. கட்டையன் பாறை இடுக்கில் வேம்பியையும் குட்டிகளையும் அணைத்துக்கொண்டு கிடந்தான். வெளியே, அவன் நேராகப் பறித்துவைத்த ஒவ்வொரு குழியும் ஓர் ஓடையாகிக் குமுறியது. மேலிருந்து இறங்கிய தண்ணீருக்கு அவனே வழி போட்டுக் கொடுத்திருந்தான்.

மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தான். சரிவைக் காணோம்! கொடியில்லை, கிழங்கில்லை. எலும்பு தெரிவதுபோல எங்கு பார்த்தாலும் பாறை துருத்திக்கொண்டிருந்தது.

"வேம்பி! யாரோ நம் மண்ணைத் திருடிவிட்டார்கள்!" என்று அலறினான்.

"மண்ணை யார் திருடுவார்கள்?"

"இங்கே பார், இந்த வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தடம் தெரிகிறது. திருடனைப் பிடிக்காமல் விடமாட்டேன்!"

சிவப்புச் சேறு படிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே கட்டையன் இறங்கினான். தடம் ஓடையோடு போனது. அவனும் ஓடையோடு போனான். கடைசியில் மடுவின் கரையில் வந்து நின்றான்.

மடு இருந்த இடத்தில் ஒரு சிவப்பு மேடு இருந்தது. மேட்டின் மேல் அவனுடைய வள்ளிக்கொடி ஒன்று இலை வாடாமல் சிக்கி நின்றது.

கட்டையனுக்கு ரத்தம் கொதித்தது. "சேலாயி! அட திருட்டுத் தங்கையே! தினமும் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தேனே! அது போதாதென்று என் மண்ணையே கொண்டுவந்து வைத்துக்கொண்டாயா?"

சேற்றுக்குள்ளிருந்து ஏதோ அசைந்தது. மீசைவரை சேறு பூசிக்கொண்டு, சேலாயி வெளியே வந்தாள். வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தாள். அதைப் பாறைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் தன் வளைக்குள் புகுந்து இன்னொன்றை இழுத்துவந்தாள். இரண்டும் மூச்சு வாங்கின.

பிறகுதான் திரும்பினாள்.

"என்ன சொன்னாய்?"

"என் மண்..." என்றான் கட்டையன். இந்த முறை குரல் அவ்வளவு பலமாக வரவில்லை.

"உன் மண்ணா? ரொம்ப நல்லது. என் வீட்டுக்குள் இருக்கிறது. என் மீன்களின் மேல் இருக்கிறது. என் பிள்ளைகளின் மூக்கில் இருக்கிறது. நீயே எடுத்துக்கொண்டு போ! ஒரு பொட்டுகூட விடாமல் எடுத்துக்கொண்டு போ!"

கட்டையன் வேறென்ன செய்வான்? எடுத்துக்கொண்டு போனான்.

வாய் நிறையச் சேற்றை அள்ளினான். முதுகு நிறையப் பூசிக்கொண்டான். மூச்சு வாங்க மலை ஏறி, சரிவில் போய்த் துப்பினான், உடம்பை உதறினான்.

வேம்பி வந்து பார்த்தாள். "குளித்துவிட்டா வருகிறீர்கள்?"

வாயில் மண் இருந்ததால் கட்டையன் பதில் சொல்லவில்லை. மறுபடியும் இறங்கினான், ஏறினான், துப்பினான். நாள்கணக்கில் இதே வேலை. அவன் கொண்டுவந்து போட்டது ஒரு சிறு திட்டாகச் சேர்ந்ததும், ஒரு தூறல் வந்தது. அவன் கண்ணெதிரிலேயே அந்தத் திட்டு கரைந்து, குழி வழியாக மறுபடியும் மடுவுக்கு இறங்கிப் போனது.

கட்டையன் கால் மடங்கி அப்படியே விழுந்தான்.

ஆனால் விழுந்த இடம் கல்லாகக் குத்தவில்லை. மெத்தென்று இருந்தது. கட்டையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அது மிரளியின் புதரை ஒட்டிய மேற்பக்கம். அங்கே மட்டும் மண் ஒரு முழ உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. மூக்கை உள்ளே விட்டான். ஈரம்! மண்புழு ஒன்று நெளிந்தது.

தூறல் இன்னும் விடவில்லை. அவன் அசையாமல் கிடந்து கவனித்தான். மேலிருந்து ஓடிவந்த செந்நீர் அந்தப் புதரில் மோதியது. புல்லின் தாள்களுக்கிடையே நுழைய முடியாமல் தயங்கித் தேங்கியது. தேங்கிய இடத்திலேயே தன் மண்ணை இறக்கி வைத்தது. பிறகு கொஞ்சம் உள்ளே உறிஞ்சிப் போனது, மீதி தெளிந்து, மெதுவாக மறுபக்கம் கசிந்தது.

புதருக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன. "அண்ணா, நான் உன் கிழங்கைத் தொடவே இல்லை!"

"தெரியும் மிரளி" என்றான் கட்டையன். "சும்மா நிற்கிறது, சும்மா நிற்கிறது என்று சொன்னேனே... அது சும்மா நிற்கவில்லை. மலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. திருடன் வேறு யாருமில்லை. நான்தான்."

எழுந்து ஒரே ஓட்டமாக மடுவுக்கு ஓடினான். சேலாயி குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தாள்.

"சேலாயி, நில்! உன்மேல் பழி போட்டது என் தப்பு. உன் வீட்டை மூடியது நான்தான். அதை எப்படிச் சரி செய்வது என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன். போகாதே, அம்மா!"

சேலாயி அவனைப் பார்த்தாள். அவன் முகமெல்லாம் சேறு. மூக்கு கல்லில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. அவளுக்கு மனம் இளகத்தான் செய்தது.

"நீ நல்லவன்தான், அண்ணா. அது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் இவை இரண்டும் நேற்றிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. இந்தச் சேற்றில் ஒரு நண்டுகூட உயிரோடு இல்லை. நீ சரி செய்கிறவரை இவற்றின் வயிறு காத்திருக்குமா?"

கட்டையன் வழியை விட்டு விலகி நின்றான்.

சேலாயி ஓடை வழியாகக் கீழே போனாள். குட்டிகளில் ஒன்று மட்டும் வளைவு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அன்று கட்டையன் ஒரு வாய்கூட உண்ணவில்லை. மறுநாள் விடிந்ததும் மிரளியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மிரளி, உன் வீட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பாயா?"

மிரளி மயங்கி விழப் பார்த்தது. கட்டையன் நிதானமாக விளக்கிச் சொன்னான். அவன் இவ்வளவு பொறுமையாகப் பேசி மிரளி கேட்டதே இல்லை. அதனால் பயம் கொஞ்சம் தெளிந்தது.

"பாதி கொடுத்தால், பிறகு எனக்கு நிறைய வீடு கிடைக்குமா?"

"சரிவு முழுக்க உனக்கு வீடுதான்."

மிரளி தன் பல்லால் புதரிலிருந்து வேரோடு புல் தூர்களைப் பிரித்துக் கொடுத்தது. வேம்பி அவற்றைக் கவ்வி வந்தாள். கட்டையன் இந்த முறை மேலிருந்து கீழாகப் பறிக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே, இடுப்பில் கட்டிய கயிறுபோல வளைத்து வளைத்துக் குழி பறித்தான். குழியில் புல் தூர்களை நட்டான். மழை பறித்துப்போன தன் பழைய வரிசைகளில் கல்லை உருட்டிக் கொண்டுவந்து குறுக்கே அடைத்தான். குட்டிகளும் சின்னச் சின்னக் கல்லாக மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தன. பாதிக் கல் வழியிலேயே உருண்டு போய்விட்டது. அதைத் துரத்திப் பிடிப்பதே அவற்றுக்கு விளையாட்டு.

ஆனால் குழந்தைகளே, கெடுத்ததுபோல வேகமாகச் சரி செய்ய முடியாது. கோடை வந்தது. பாறையடியில் ஊற்று நூலாக மெலிந்து, பிறகு நின்றே போய்விட்டது. மழைநீரை உள்ளே குடித்து வைத்துக்கொள்ள மலைமேல் மண் இல்லாதபோது ஊற்று எங்கிருந்து வரும்? கட்டையன் குட்டிகளை ஓட்டிக்கொண்டு இரண்டு குன்று தாண்டித் தண்ணீருக்கு நடந்தான். கடைக்குட்டி நடக்க முடியாமல் வழியில் படுத்துவிட்டது. அதைத் தன் மூக்கால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனான்.

"திட்டிவிடு வேம்பி" என்றான் ஒரு நாள். "நீ அப்போதே சொன்னாய். நான் கேட்கவில்லை."

"திட்டினால் தண்ணீர் வருமா? வருமென்றால் வாய் வலிக்கும்வரை திட்டுவேன். நடங்கள்" என்றாள் வேம்பி. சொல்லிவிட்டு, அவன் தோளோடு தோள் உரசிக்கொண்டே நடந்தாள்.

வெயிலில் நட்ட புல்லில் பாதி காய்ந்தது. காய்ந்த இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடியும் நட்டார்கள். மழை வந்தபோது கட்டையன் பாறை இடுக்கில் ஒளியவில்லை. நனைந்துகொண்டே சரிவில் நின்று பார்த்தான். தண்ணீர் ஓடிவந்து முதல் புல்வரிசையில் மோதியது. தயங்கியது. மண்ணை இறக்கியது. இரண்டாவது வரிசைக்கு நடந்து வந்தது. மூன்றாவதில் சோம்பேறிபோலப் படுத்துக்கொண்டது. கட்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உச்சிப் பகுதியை இந்த முறை அவன் தொடவே இல்லை. அங்கே பறவைகள் போட்ட விதைகளில் நாவலும் நெல்லியும் கன்றாக எழுந்தன. புல்வரிசைகளுக்கு இடையில் மட்டும் கொஞ்சமாக வள்ளி நட்டான். கிழங்கு முன்போலத் தலை அளவு பருக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. பிற்பகல்தோறும் மடுவுக்குப் போய்ச் சேற்றை மூக்கால் கிளறிவிட்டு வருவான். இப்போது மேலிருந்து தெளிந்து வரும் தண்ணீர், அவன் கிளறிவிட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கொண்டுபோய்க் கரையோரத்து நாணல்களில் சேர்த்தது. மடு மறுபடியும் பள்ளமாகத் தொடங்கியது. அடுத்து வந்த கோடையில் பாறையடி ஊற்று நிற்கவில்லை. மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை.

மடுவில் நிழல்போல ஒரு மீன் கூட்டம் வந்தது. நண்டு வந்தது. கட்டையன் தினமும் அவற்றைப் பார்ப்பான். பிறகு ஓடை வளைந்து போகும் இடத்தைப் பார்ப்பான். பிறகு வீட்டுக்குத் திரும்புவான்.

ஒரு பிற்பகலில் அவன் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது, மூக்குக்கு நேராகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது. வாயில் மீன் துள்ளியது.

"நீ யார்?" என்றான் கட்டையன் திகைத்துப்போய்.

"எங்கள் அம்மா பின்னால் வருகிறாள்" என்றது அது. இன்னொன்றும் எழுந்தது. இரண்டும் சேலாயியின் குட்டிகள்தான். அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தன.

சேலாயி வளைவு திரும்பி மெதுவாக நீந்தி வந்தாள். கரையேறினாள். உடம்பை உதறினாள். கட்டையனின் மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"அண்ணா, நான் பெரிய ஆற்றுக்குப் போனேன். அங்கே ஆமைகள் என்னோடு சண்டைக்கு வந்தன. 'மேலிருந்து சேற்றைக் கொண்டுவந்து எங்கள் மணலை மூடியவள் நீதானா?' என்று கேட்டன. என் மண்ணை ஏன் திருடினாய் என்று நீ கேட்டாய். உன் மண்ணை ஏன் கொண்டுவந்தாய் என்று அவை கேட்டன. நடுவில் நான் என்ன பதில் சொல்வது?"

"பெரிய ஆறுவரைக்குமா போனது என் மண்?" கட்டையன் வாயைப் பிளந்தான்.

"போனது. ஆனால் இந்த மழைக்கு அங்கே ஒரு புதுமை. ஆறு முழுக்கக் கலங்கலாக ஓடியது. நம் ஓடை போய்ச் சேரும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளிவாக இறங்கியது. கல் தெரிந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. 'பிள்ளைகளே, மேலே ஒரு பன்றி தூங்காமல் வேலை செய்கிறது. கிளம்புங்கள்' என்றேன். தெளிந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நீந்தினோம். வேறு யாரிடமும் வழி கேட்கவில்லை."

கட்டையனுக்கு என்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வெகுநேரம் குடித்தான்.

"அவ்வளவு தாகமா அண்ணா?" என்று கேட்டாள் சேலாயி.

அவன் முகத்தைத் தூக்கவே இல்லை.

நீதி: மேட்டில் இருப்பவன் தன் மண்ணைக் காத்தால், பள்ளத்தில் இருப்பவர்களின் தண்ணீரையும் காக்கிறான்.